எவடம் என்று கேட்குமுன்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டைத் தொடர்ந்து கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



நூறு ஆண்டுகளாக இச்சங்கத்தைக் கரம்பிடித்து நடத்திவந்த இறைவனுக்கு முதற்கண் நன்றி செலுத்துகின்றோம். இந்த மேடையிலே நாவன்மைப் போட்டிக்குக் கைகால் நடுங்க ஏறிய எம்மை, இன்று நூற்றாண்டு விழாவிலே பேச அழைத்த செயற்குழுவினருக்கும் எமது நன்றி.

‘விசுவாசமும் அன்றாட வாழ்வும்’ என்ற பரந்த தலைப்பை எமக்குத் தந்திருந்தார்கள். வைத்தியத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட எமக்கு, அத்தலைப்பைக் கேட்டதும் நினைவுக்கு வந்தவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். வழியிலே தற்செயலாக எதிர்ப்படுகின்ற, முன்பின் அறியாத மனிதர்களே நினைவுக்கு வந்தார்கள். ஆகவே அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

காலையில் படலையைத் திறந்து வெளியே இறங்கினால், இரவு வீடு திரும்பும்வரை நாம் காணும் முகங்களிற் பெரும்பாலானவை பெயர் தெரியாத முகங்கள். நெரிசலான மினிபஸ்ஸில் நாம் நிற்பதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் எமது கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்ளும் பெண். சைக்கிள் செயின் கழன்று வீதியோரம் நிற்கும் மாணவிக்கு, கையெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு அதை மாட்டிக்கொடுத்துவிட்டுத் தன் வழியே போகும் முதியவர். வங்கியிலே படிவத்தை நீட்டி, “பிள்ளை, இதை ஒருக்கால் நிரப்பித் தாறியளோ” என்று கேட்கும் அம்மா. இவர்களை நாம் மறுபடி காண்பதில்லை. கண்டாலும் அடையாளம் தெரிவதில்லை.

எமது குடாநாட்டில் அறியாத ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்கும் கேள்வி உங்கள் எல்லோருக்கும் தெரியும். “நீங்கள் எவடம்?” பதில் வந்ததும் அடுத்த கேள்வி, “அவடத்திலை எவடம்?” அதற்கும் பதில் வந்தால், “அப்ப எங்கட இன்னாரைத் தெரியுமோ?” இந்த மூன்று கேள்விகளுக்குள் ஒன்றில் ஒரு சொந்தம் கண்டுபிடிக்கப்பட்டுவிடும், அல்லது இருவருக்கும் படிப்பித்த ஒரு ரீச்சர் கண்டுபிடிக்கப்பட்டுவிடுவார். இங்கே பலர் சிரிக்கிறீர்கள். இன்று காலை தேநீர் வேளையிலும் இதுதானே நடந்தது!

இக்கேள்வியைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. இடப்பெயர்வுகளிலே சிதறிய குடும்பங்கள் பல மீண்டும் ஒன்றுசேர்ந்தது இக்கேள்வியாலேதான். ரொறன்ரோவின் நிலக்கீழ் ரயிலில் தனியே போன எமது சகோதரி ஒருத்திக்கு, பனிக்காலத்தில் ஒரு தாயைத் தேடிக்கொடுத்ததும் இதே கேள்விதான். ஆனால் இதற்கு வேறொரு பக்கமும் உண்டு. ஊரைக் கேட்டு, குறிச்சியைக் கேட்டு, ஒருவரை எவ்வளவு கிட்ட விடலாம், கதிரையில் இருத்துவதா திண்ணையில் இருத்துவதா, எந்தக் கோப்பையில் தேநீர் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பதற்காகவும் இக்கேள்வி கேட்கப்பட்டதுண்டு. அதையும் நாம் எல்லோரும் அறிவோம்.

வைத்தியராகிய எமக்கோ தொழில் கற்றுத்தந்த முதற் கேள்வி வேறு. கதவைத் திறந்து உள்ளே வருபவரிடம் நாம் கேட்பது, “என்ன செய்யுது?” என்பது. பெயரும் ஊரும் கொப்பியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அவற்றை வாசிப்பதற்கு முன்னரே, வந்தவரின் முகத்தைப் பார்த்து இதைக் கேட்கிறோம். இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் இயேசு ஒரு கதையிலே எமக்குக் காட்டியிருக்கிறார் என்று நாம் எண்ணுவதுண்டு.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலே ஒரு நியாயசாஸ்திரி இயேசுவிடம், தான் அன்புகூர வேண்டிய அயலவன் யார் என்று கேட்கிறான். அதுவும் ஒருவகையில் “எவடம்?” என்ற கேள்வியே. எந்த எல்லைக்குள் இருப்பவர் என் அயலவர், எந்த எல்லையோடு என் கடமை முடிகிறது என்பதை அறிய விரும்புகிறான். பதிலாக இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொல்கிறார். ஞாயிறு பாடசாலையில் நாடகமாகவும் நடித்த கதை. எமக்குச் சமாரியன் வேடம் கிடைத்ததேயில்லை. பெரும்பாலும் கழுதையாகவே நடித்திருக்கிறோம்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி, ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தூரத்துக்குள் 1000 மீற்றர் வரை பள்ளத்தில் இறங்குகிறது. பாறையும் வறண்ட மலையுமான பாதை. அங்கே கள்வர் ஒருவனை அடித்து, உடையை உரிந்து, குற்றுயிராக விட்டுப் போகிறார்கள். வைத்தியர் என்ற வகையில் இவ்விரு விபரங்களிலும் எமது கண் நிற்கும். உடை இல்லை, ஆகவே எந்தக் குலத்தவன் என்று தெரியாது. பேச்சு இல்லை, ஆகவே எந்த ஊரவன் என்று தெரியாது. விபத்துப் பிரிவுக்கு நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்படும் பெயர் தெரியாத நோயாளரைப் போல அவன் கிடக்கிறான். “எவடம்?” என்று கேட்க அங்கே வழியே இல்லை. கேட்க முடிந்தது “என்ன செய்யுது?” என்பது மட்டுமே. அதற்கான பதில் அவன் உடம்பிலே தெரிந்தது.

அவ்வழியால் முதலில் வந்த ஆசாரியன் தற்செயலாக வந்தான் என்று வேதாகமம் சொல்கிறது. இதை நாம் கவனிக்க வேண்டும். ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் சமாரியனுக்கும் ஒரே சந்திப்புத்தான் கிடைத்தது. தற்செயல் மூவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. அதற்குமேல் அது ஒன்றும் செய்யவில்லை. நிற்பதா விலகிப் போவதா என்பது அவரவரிடம் விடப்பட்டது. வழியில் நாம் காணும் ஒவ்வொருவரும் இறைவனால் முன்கூட்டியே குறித்து அனுப்பப்பட்டவர் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் துணிவு எமக்கில்லை. ஆனால் அவர் முன்னே நாம் எடுக்கும் முடிவை இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை விசுவாசிக்கின்றோம்.

கதை முடிவில் இயேசு கேள்வியையே திருப்பிவிடுகிறார். அயலவன் யார் என்று கேட்டவனிடம், இம்மூவரில் அயலவனாக நடந்துகொண்டவன் யார் என்று கேட்கிறார். அடுத்தவரின் ஊரை விசாரிக்கப் போனவன், தன்னைத்தானே விசாரிக்க வேண்டியவனாகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு கிளினிக் ஒன்றில் எமது காதில் விழுந்த ஓர் உரையாடலை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். வாங்கிலே காத்திருந்த வயதான அம்மா ஒருவர், பக்கத்தில் வந்திருந்த முக்காடிட்ட பெண்ணிடம் வழமைபோலக் கேட்டார்: “தங்கச்சி, நீங்கள் எவடம்?” அந்தப் பெண், “யாழ்ப்பாணம்தான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “புத்தளத்திலை இருந்து வந்தனாங்கள்” என்றார். பிறகு, “இல்லை, இவடம்தான், சோனகத் தெரு” என்றார். ஒரு கேள்விக்கு மூன்று பதில்கள்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகளின் கட்டளையால், சில மணிநேர அவகாசத்துக்குள் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். எமது வகுப்பிலும் அடுத்த நாள் இரண்டு ஆசனங்கள் வெறுமையாக இருந்தன. முதல்நாள் வரை பென்சிலைப் பங்கிட்டவர்கள். எத்தனையோ ஆண்டுகளின் பின் சொந்தத் தெருவுக்குத் திரும்பி வந்தபோது, அத்தெருவிலேயே அவர்களிடம் எவடம் என்று கேட்கப்படுகிறது. பிறந்த ஊரிலே அந்நியராவது எவ்வளவு பெரிய வலி என்பதை அந்த மூன்று பதில்களும் எமக்குச் சொல்லின.

ஆனால் அந்த அம்மா அடுத்துச் செய்ததையும் சொல்ல வேண்டும். வாங்கில் சற்றுத் தள்ளி இருந்து, இடம் விட்டு, “அப்ப எங்கட ஊர்ப்பிள்ளை. கிட்ட இரு. உனக்குச் சீனி எத்தினை காட்டுது?” என்று கேட்டார். பிறகு இருவரும் குளிசைகளைப் பற்றியும், சோற்றைக் குறைக்க முடியாததைப் பற்றியும் தாதி பெயர் கூப்பிடும்வரை கதைத்தார்கள். ‘எவடம்?’ என்பதிலிருந்து ‘என்ன செய்யுது?’ என்பதற்கு அந்த அம்மா ஒரு நிமிடத்தில் வந்துவிட்டார். அதற்கு அவருக்கு எந்தப் பிரசங்கமும் தேவைப்படவில்லை.

இனி, இயேசுவே அந்நியராக நின்ற ஒரு சந்தர்ப்பத்தைப் பார்ப்போம். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம். சீகார் என்னும் ஊரின் கிணற்றடி. நடுப்பகல். நடந்து களைத்த இயேசு அங்கே அமர்ந்திருக்கிறார். தண்ணீர் அள்ள ஒரு சமாரியப் பெண் வருகிறாள். யூதரும் சமாரியரும் ஒருவரோடு ஒருவர் புழங்காதவர்கள். இயேசு அவளுக்கு உதவி செய்வதில் தொடங்கவில்லை. அவளிடம் உதவி கேட்பதில் தொடங்குகிறார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். அள்ளுவதற்கு அவரிடம் பாத்திரமும் இல்லை. அவளுடைய குடத்திலிருந்துதான் குடிக்க வேண்டும். அவள் திகைத்துப் போவதில் வியப்பில்லை.

இக்கதையின் பொருளை எமது குடாநாட்டவருக்கு விளக்கத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரும் கிணறுமே எமது உயிர். அந்தக் கிணற்றிலே யார் கயிற்றைத் தொடலாம், யார் குடத்தோடு தள்ளி நின்று பிறர் வார்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்த மண் இது. இச்சங்கம் பிறந்த 1920களில், குடாநாட்டின் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாமா, ஒரே பந்தியில் உண்ணலாமா என்பது பெரிய வழக்காக இருந்தது. சம ஆசனம், சம போசனம் என்று அதற்குப் பெயர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாரும், கல்விமான்கள் பலரும் அதற்காக நின்றார்கள். ஒரு வாங்கிலே அருகருகே இருப்பது இன்று எமக்குச் சாதாரணமாகப் படுவதற்கு, எமது பாட்டிமார் காலத்தில் யாரோ சிலர் வசைகேட்டிருக்கிறார்கள். நூற்றாண்டு விழாவிலே கட்டடங்களை நினைப்பதுபோல இதையும் நினைக்க வேண்டும்.

இயேசு தண்ணீர் கேட்டதில் எமக்கு இன்னொரு பாடமும் உண்டு. நாம் சேவை செய்யப் பழக்கப்பட்டவர்கள். கல்லூரியின் கன்னங்கரிய மழைக்காலங்களிலே அரிசி சேர்த்தோம், உடுப்புச் சேர்த்தோம், முதியோர் இல்லங்களுக்குப் போய்ப் பாடினோம். கொடுக்கும் கை எமக்கு நன்றாக வரும். அந்நியரிடம் வாங்கும் கை வராது. வாங்குவதென்றால் ஒருவர் முன்னே வெறுங்கையோடு நிற்க வேண்டும். எமது தலைமுறைக்கு அதைக் கற்றுத்தந்தது 1995ஆம் ஆண்டு.

அந்த ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி. நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். இராணுவம் நகரை நெருங்கிக்கொண்டிருக்க, பின்னேரம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. இலட்சக்கணக்கானோர், ஒரே வீதி, நாவற்குழிப் பாலம், மழை. சில மைல் தூரத்தைக் கடக்க முழு இரவும் போதவில்லை. சைக்கிளின் பின்னால் அரிசிப்பை, அதன் மேல் பாட்டி. புத்தகப்பையை மட்டும் விடமாட்டோம் என்று அழுத பிள்ளைகள் இங்கே இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள்.

விடியும் வேளையில் கைதடிக்கு அப்பால் ஓர் ஒழுங்கையிலே, படலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அம்மா நின்றார். கையில் லாம்பு. அவர் எங்களை எவடம் என்று கேட்கவில்லை. யாருடைய பிள்ளைகள் என்று கேட்கவில்லை. “நனைஞ்சு போனியள், உள்ளுக்கு வாங்கோ. முதல் தலையைத் துடையுங்கோ” என்றார். அந்த வீட்டு விறாந்தையில் அன்று ஐந்து குடும்பங்கள். மாட்டுக்கொட்டிலைக் கழுவிக் கிடுகு மறைத்து இன்னும் இரண்டு குடும்பங்கள். அவருடைய கிணற்றிலே நாங்கள் எல்லோரும் கயிற்றைத் தொட்டோம். தென்மராட்சி முழுவதும் இப்படிப் படலைகள் திறந்தன. 1996 சித்திரையில் வலிகாமம் திரும்பும்வரை அந்த விறாந்தையிலேதான் எமது படிப்பு நடந்தது. குப்பி விளக்கு அந்த வீட்டுடையது. மண்ணெண்ணெய் விலை தங்கம்போல் இருந்த காலத்தில் எண்ணெயும் அந்த வீட்டுடையதே.

நான்கு ஆண்டுகளின் பின், 2000ஆம் ஆண்டிலே, போர் தென்மராட்சியை எரித்தது. சாவகச்சேரி தரைமட்டமானது. அந்த மக்கள் எழுந்து வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் வந்தார்கள். எமது வீடுகள் திறந்தன. எமது வீட்டுக்கு வந்தவர்கள் மட்டுவில்காரர். எமக்கு இடம் தந்த அந்த அம்மாவைத் தேடினோம். கிடைக்கவில்லை. அவர் வேறு யாருடைய விறாந்தையிலோ இருந்திருப்பார். அவரிடம் பட்ட கடனை அவருக்கே திருப்பிக் கொடுக்க எமக்கு வாய்க்கவில்லை. வேறொருவருக்குக் கொடுத்தோம். அறியாதவரிடம் வாங்கிய கடனை அறியாதவருக்குத்தான் கொடுக்க முடியும் போலும். வைத்தியசாலைக் கடமையில் அலுப்பு வரும் நாட்களில் அந்த லாம்பை நினைத்துக்கொள்வோம்.

இன்னொரு சந்திப்பு புகையிரதத்திலே நிகழ்ந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, வகுப்புத் தோழிகள் நால்வர் காலைப் புகையிரதத்தில் கொழும்புக்குப் புறப்பட்டோம். எதிரே வெள்ளைச் சேலையுடன் ஒரு சிங்களத் தாய். நயினாதீவு விகாரைக்கு யாத்திரை வந்து திரும்பும் கூட்டத்தைச் சேர்ந்தவர். எம்மைப் பார்த்துச் சிரித்து, “கம கொஹெத?” என்றார். ஊர் எது என்ற அதே கேள்வி! சிரிப்பு வந்துவிட்டது. எமக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னோம். கொடிகாமம் கடந்ததும் அவர் மௌனமானார். பளை கடந்தபின், ஆனையிறவு எப்போது வரும் என்று கேட்டார். மகன் அங்கே இருந்தவராம். 2000ஆம் ஆண்டுச் சண்டைக்குப் பின் தகவல் இல்லை. உடலும் வரவில்லை.

எங்களில் ஒருத்தியின் அண்ணாவைப் பற்றி 2009ஆம் ஆண்டு வைகாசிக்குப் பின் தகவல் இல்லை. அவள்தான் யன்னலோரம் இருந்தாள். ஆனையிறவு வெளி தெரியத் தொடங்கியதும் அவள் எழுந்து, அந்தத் தாயைக் கையைப் பிடித்துத் தன் இடத்தில் இருத்தினாள். தாய் கைகூப்பினார். இவள் பின்னால் நின்றாள். உப்புவெளியும் தண்ணீரும் கடக்கும்வரை ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. கிளிநொச்சி வந்ததும் அவர் ஒரு பொதியை அவிழ்த்து, சீனிச்சம்பல் வைத்த பாணைப் பிய்த்து ஐந்து பேருக்கும் பங்கிட்டார். மாகோ நிலையத்தில் இறங்கிப் போய்விட்டார். தொலைபேசி இலக்கம் வாங்கவில்லை. பெயரும் கேட்கவில்லை.

உயிர்த்தெழுந்த நாளிலே எம்மாவு ஊருக்கு நடந்துபோன இரு சீடரைப் பற்றி லூக்கா எழுதியிருக்கிறார். துக்கத்தோடு போனவர்களுடன் அறியாத ஒருவர் சேர்ந்து நடக்கிறார். அவர்கள் தங்கள் துயரத்தை அவரிடம் சொல்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் அவரை வருந்தித் தங்கவைக்கிறார்கள். பந்தியிலே அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் அவர் யாரென்று தெரிகிறது. தெரிந்ததும் அவர் மறைந்துபோகிறார். அவர்கள் தங்கவைக்காமல் விட்டிருந்தால், அவர் அப்பாலே போயிருப்பார். அவர்களும் அறியாமலே இருந்திருப்பார்கள். சந்திப்பு நீடிக்கவில்லை என்பதால் அது குறைந்துபோகவில்லை. அந்த இரவே அவர்கள் எழுந்து எருசலேமுக்குத் திரும்பிப் போனார்கள். வழியிலே கண்டவரை நாமும் வைத்திருக்க முடியாது. அவரைக் கண்டதனால் எமது நடை எந்தப் பக்கம் திரும்பியது என்பதே கேள்வி. அந்தத் தோழி பின்னர் சிங்களம் முறையாகப் படித்தாள். காணாமற்போனோரின் தாய்மார் கூடும் இடங்களில், இரு மொழியிலும் அவர்களுக்காகக் கடிதம் எழுதிக்கொடுக்கிறாள்.

தொழிலில் நாம் காணும் மிகப் பெரிய அந்நியர் சந்திப்பு இரத்த வங்கியிலே நடக்கிறது. பிரசவத்தின் பின் குருதிப்பெருக்கு ஏற்பட்ட தாய்க்கு, நடுச்சாமத்தில் நாம் குருதி கேட்டு அனுப்புவோம். குளிர்ந்த பை ஒன்று வரும். அதிலே ஓர் இலக்கம், குருதி வகை, காலாவதித் திகதி. கொடுத்தவரின் பெயர் இல்லை, ஊர் இல்லை, சமயம் இல்லை. வெசாக் நாளில் ஒரு விகாரை வளவிலே கொடுத்ததாக இருக்கலாம். கோயில் மண்டபத்திலே, பள்ளிவாசலிலே, எமது தேவாலய முகாமிலே கொடுத்ததாகவும் இருக்கலாம். நாம் ஒத்துப் பார்ப்பது இரண்டு குருதியும் சேருமா என்பதை மட்டுமே. அதன்பின் அந்த அந்நியரின் செங்குழியங்கள் வாரக்கணக்காக அந்தத் தாயின் நாளங்களிலே ஓடி, அவளுக்கு மூச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கும். அவளும் குழந்தையும் ஒருநாள் வீடு போவார்கள். கொடுத்தவர் எங்கோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இலங்கையில் குருதிக்கு விலையில்லை. அத்தனையும் தன்விருப்பாகக் கொடுக்கப்படுவது.

மத்தேயு நற்செய்தியிலே நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிய காட்சியில், தம்மை அந்நியனாக இருந்தபோது ஏற்றுக்கொண்டதாக அரசர் சிலரைப் பார்த்துச் சொல்கிறார். அவர்கள் வியப்படைந்து, எப்போது உம்மைக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இரவில் அந்தப் பையைத் தொங்கவிடும்போது இக்காட்சி எமக்கு விளங்குவதுண்டு. கொடுத்தவருக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. அறியாதவர்களோடு கதைக்க வேண்டாம் என்று உங்கள் அம்மாமார் சொல்லியிருப்பார்கள். இந்த அன்ரிமார் வேறு விதமாகச் சொல்கிறார்களே என்று நீங்கள் குழம்பக்கூடாது. உங்கள் அம்மாமார் சொல்வது சரி. தனியே அழைப்பவரோடு போகாதீர்கள். இரகசியம் காக்கச் சொல்பவரை நம்பாதீர்கள். கைத்தொலைபேசியில் வரும் அறியாத நட்புகளுக்குப் படம் அனுப்பாதீர்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர் எல்லோரும் அந்நியர் அல்லர், அறிந்தவர்களும் உண்டு என்பதையும் வைத்தியர் என்ற வகையில் சொல்லிவைக்கின்றோம். அப்படி ஏதும் நேர்ந்தால், நம்பும் ஓர் ஆசிரியையிடம் அன்றே சொல்லுங்கள். அந்தச் சமாரியனும் எல்லாவற்றையும் தனியே செய்யவில்லை. காயத்தைக் கழுவிக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், சத்திரக்காரனிடம் இரண்டு நாட்கூலிப் பணம் கொடுத்து, திரும்பி வருவதாகச் சொல்லிப் போனான். அன்பு செய்வதற்கு அறிவும் துணையும் வேண்டும் என்பதை அவன் அறிந்திருந்தான்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் ஒஸ்லோவிலும் இம்மலரை வாசிக்கப் போகும் சகோதரிகளே, உங்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பனிக்காலத்தில் எந்தத் தரிப்பிடத்தில் எந்தப் பஸ்ஸுக்கு நிற்பது என்று தெரியாமல் நின்றவர்கள் நீங்கள். பக்கத்து வீட்டுக் கிழவி ஒருவர் பழைய கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்ததை எம்மிடம் சொன்னவர்களும் நீங்களே. எகிப்திலே அந்நியராக இருந்ததை மறக்கவேண்டாம் என்று இறைவன் இஸ்ரவேலருக்கு மீண்டும் மீண்டும் நினைவுபடுத்தினார். இன்று உங்கள் மாடிக் கட்டடத்துக்குச் சிரியாவிலிருந்தோ எரித்திரியாவிலிருந்தோ உக்ரேனிலிருந்தோ ஒரு குடும்பம் வந்து இறங்கினால், அந்தப் பிள்ளைக்குப் பாடசாலைப் பாதையைக் காட்ட உங்களைவிடத் தகுதியானவர் வேறு யார்?

இறுதியாக, செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோளை முன்வைத்து அமர்கின்றோம். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுகிறது, மகிழ்ச்சி. அத்தோடு, ஒவ்வோர் ஆண்டும் கல்லூரித் தினத்தை ஒட்டி, கல்லூரியிலும் சங்கத்தின் கிளைகள் உள்ள ஒவ்வொரு நகரிலும் பழைய மாணவிகள் சென்று குருதி கொடுக்கலாம். இலங்கையில் 18 வயதிலிருந்து 60 வயதுவரை, நல்ல உடல்நலமுள்ள ஒருவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இரும்புச்சத்துக் குறைந்த சகோதரிகள் முதலில் எம்மிடம் வாருங்கள், அதற்கும் மருந்துண்டு. கொடுக்க முடியாதவர்கள் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுக்கலாம். யாருக்குப் போகிறது என்று எமக்குத் தெரியாது. எவடம் என்று கேட்கவும் முடியாது. அதனாலேயே இது எமது கல்லூரிக்குப் பொருத்தமான நன்றிக்கடன் என்று நினைக்கின்றோம். பெயர்ப் பட்டியலில் முதலாவதாக எமது வகுப்பினரின் பெயர்களை எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கின்றோம்.

இதுவரை எம்மை நடத்திய இறைவன், வரும் நூற்றாண்டிலும் எமது கல்லூரி அன்னையையும் அவளது பிள்ளைகள் அனைவரையும் காத்து ஆசீர்வதிப்பாராக.